முகம் இருக்கு, பெயர் இல்லை: ஜூலியா மார்கரெட் கேமரனின் இலங்கைப் படங்கள்

பணி ஓய்வு பெற்ற மாதம் நல்லதாக ஒரு கேமரா வாங்கினேன். அதற்கு முன்பும் ஒன்று வைத்திருந்தேன். ஆனால் அதில் எடுத்ததெல்லாம் கல். இங்கே திருமலையில் மலையடிவாரக் கோயில், குந்தவை ஜினாலயம், சிகாமணிநாதர், குகை ஓவியங்களில் மிச்சம் இருப்பவை, பாறைக் கல்வெட்டுகள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும் என்பதால் விடியற்காலையில் மலையேறுவேன். கல் அசையாது, கண் சிமிட்டாது, "எதுக்கு சார் எடுக்கறீங்க"ன்னு கேட்காது. புதுக் கேமரா வந்த பிறகுதான் மனித முகங்களை எடுக்கணும்னு ஆசை வந்தது.

ஆசையை வெளியில் சொன்னதும் நண்பர்கள் ஆளாளுக்கு ஒரே கதையை அனுப்பினார்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 48 வயதில்தான் முதன்முதலில் கேமராவைத் தொட்டார், புகைப்பட வரலாற்றிலேயே பெரிய உருவப்படக் கலைஞராக ஆனார், ஆகவே நீங்களும் ஆரம்பிக்கலாம் சார் என்று. நன்றி. ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தபோது, அது வயதைப் பற்றிய கதையாக எனக்குப் படவில்லை. எதிரே உட்கார்ந்தது யார் என்பதுதான் முக்கியமாகத் தெரிந்தது. அதிலும் அவருடைய கடைசிப் படங்கள் நமக்குக் கிட்டத்தில், இலங்கையில் எடுத்தவை. அவற்றைப் பற்றித் தமிழில் அதிகம் பேச்சில்லை என்பதால் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த 48 வயது. கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன் அவரைவிட 20 வயது மூத்தவர், சட்ட அறிஞர். இலங்கையில் ராஜகாரியம் என்ற கட்டாய வேலை முறையை ஒழிக்கவும் சட்டசபை வரவும் காரணமான கோல்புரூக் - கேமரன் விசாரணைக் குழுவில் வருகிற கேமரன் இவர்தான். இலங்கையிலேயே தோட்ட நிலமும் வாங்கினார். 1848-இல் குடும்பம் இங்கிலாந்து போனது. 1860-இல் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில், கவிஞர் டென்னிசன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் குடியேறினார்கள். வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. இலங்கை மலையகத்தில் இருந்த தோட்டத்தின் பெயர் அது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கணவர் தோட்ட விஷயமாக இலங்கை போயிருந்த நேரம், அம்மா தனியாக இருக்கிறாள், பொழுது போகட்டும் என்று.

இதிலிருந்துதான் "திடீரென்று 48 வயதில்" என்ற கதை கிளம்புகிறது. அது பாதி உண்மை. 1836-இலேயே தென்னாப்பிரிக்காவில் ஜான் ஹெர்ஷலைச் சந்தித்து நண்பரானவர் கேமரன். ஹைப்போ உப்பைக் கொண்டு படத்தை நிலைக்க வைக்கலாம் என்று வழி காட்டிய விஞ்ஞானி அந்த ஹெர்ஷல். புகைப்படக் கலை பிறந்த கையோடு அதன் மாதிரிகள் ஹெர்ஷல் மூலமாக இந்த அம்மாவுக்கு வந்து சேர்ந்தன. படங்களைத் தொகுத்து ஆல்பம் போட்டுப் பரிசாகக் கொடுக்கும் பழக்கமும் முன்பே உண்டு. அதாவது இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருந்தது, கைக்குத்தான் வேலை வரவில்லை. வயதான பிறகு தொடங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகமான செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் இதை ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

கோழிக் கூண்டுக் கொட்டகையைக் காலி பண்ணி ஸ்டூடியோ ஆக்கினார். கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆனது. அந்தக் காலத்து முறை ஈரக் கொலோடியன். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை வழித்து, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆகணும். விரலெல்லாம் கறுத்துப் போகும். அச்சு எடுக்கிற தாளுக்கு முட்டை வெண்கருதான் பூச்சு. (கோழிகளை விரட்டினாலும் முட்டை விடவில்லை.) எதிரில் உட்காருகிறவர் மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆடாமல் இருக்கணும். ஆடினால் படம் கலங்கும். கலங்கினாலும் கேமரன் தூக்கிப் போடமாட்டார். ஃபோகஸ் கூர்மையாக இல்லை, தகட்டில் விரல் ரேகை இருக்கிறது என்று அன்றைய புகைப்படச் சங்கத்துக்காரர்கள் கிண்டல் பண்ணினார்கள். அவர் அசரவில்லை. ஐநூறுக்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்தார், லண்டனில் வியாபாரி மூலம் விற்றார், சவுத் கென்சிங்டன் மியூசியத்துக்கு 1865-இலேயே படங்களைக் கொடுத்தார். வெறும் பொழுதுபோக்கு இப்படி நடக்காது.

படங்களில் எனக்குப் பிடித்தது 1867-இல் எடுத்த ஹெர்ஷல் உருவப்படம். கிழவரைத் தலைக்குக் குளிக்க வைத்து, நரைமுடியைக் கலைத்துவிட்டு, கறுப்புத் துணி போர்த்தி, ஒரு பக்கத்து வெளிச்சத்தில் முகத்தை மட்டும் விட்டிருக்கிறார். முகம் இருட்டிலிருந்து வெளியே வருகிறது. அந்த வெளிச்சம் எப்படி வருதுன்னு ரொம்ப நாள் யோசித்தேன். மற்ற வெளிச்சத்தை அடைத்து ஒரே பக்கமாக ஒளியை விட்டிருக்கிறார். ஆரணியில் நெசவு வீட்டுக்குள் போனவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். குழித்தறி பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல், மற்றதெல்லாம் இருட்டு. தறியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். கேமரன் பாடுபட்டுச் செய்ததை நெசவாளர் வீடு சும்மாவே வைத்திருக்கிறது.

சரி, மாடல்கள். புகழ்பெற்ற ஆண்களை அவர் எடுத்தார்: டென்னிசன், டார்வின், கார்லைல். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவை டென்னிசன் அழைத்து வந்து, இந்த அம்மா சொன்னபடி கேட்டுத்தான் ஆகணும், திரும்பி வந்து உம்மில் என்ன மிச்சம் இருக்குன்னு பார்க்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. பெரிய மனிதர்களே தப்பிக்க முடியாதபோது வேலைக்காரப் பெண்கள் எங்கே தப்பிக்க? வீட்டு வேலை செய்த மேரி ஹில்லியர் மாதாவாக, மாதாவாக, திரும்பத் திரும்ப மாதாவாக உட்கார்ந்தார். ஊரில் அவருக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. மேரி ரயன் என்ற பெண் தெருவில் பிச்சை கேட்ட ஐரிஷ் தாயோடு இருந்தவள். கேமரன் அவளை வீட்டுக்கு எடுத்து வந்து வளர்த்தார், வேலையும் வாங்கினார், படமும் எடுத்தார். கண்காட்சியில் அவள் படத்தைப் பார்த்து மயங்கிய ஓர் இளைஞர் 1867-இல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ஹென்றி காட்டன். ஐ.சி.எஸ். அதிகாரி, 1904-இல் பம்பாய் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த அதே சர் ஹென்றி காட்டன். பிறந்தது நம்ம கும்பகோணம். ஒரு போட்டோ ஒரு பெண்ணை எங்கிருந்து எங்கே கொண்டு போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இதைச் சொல்லும்போதே ஒன்று கவனிக்கணும். மேரி ஹில்லியர், மேரி ரயன் என்று நாம் பெயர் சொல்கிறோம். படத்தின் தலைப்பில் மாதா என்று இருந்தாலும் உட்கார்ந்தது யார் என்று பதிவு இருக்கிறது. பின்னால் 1926-இல் வர்ஜீனியா உல்ஃப் (கேமரன் இவருக்குப் பாட்டி முறை, அம்மாவின் பெரியம்மா) ரோஜர் ஃப்ரையோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே புகழ்பெற்ற ஆண்கள், அழகிய பெண்கள் என்றுதான். ஆணுக்குப் புகழ், பெண்ணுக்கு அழகு. அந்தப் பாகுபாடு எரிச்சல்தான். இருந்தாலும் அழகிய பெண்களில் பெரும்பாலோருக்குப் பெயராவது கிடைத்தது.

1875-இல் கேமரன் தம்பதி இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். போகும்போது ஒரு பசு மாட்டையும், தங்களுக்கான இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டு போனார்கள் என்பார்கள். காரணம் பணம். குடும்பத்தின் வரும்படி இலங்கைக் காப்பித் தோட்டத்தில் இருந்தது. 1869-இல் காப்பிச் செடியில் இலைத் துரு நோய் தென்பட்டு, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தத் தொழிலையே முடித்துக் கட்டியது. அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்தது யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போய், மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். டிம்போலா என்ற பெயரும், கண்ணாடித் தகடும், வெள்ளி நைட்ரேட்டும், 48 வயதில் தொடங்குவதற்கான அவகாசமும் ஓரளவுக்காவது அந்த உழைப்பில் வந்தவை. இது குற்றச்சாட்டு இல்லை, கணக்கு. தாமதமாகத் தொடங்குகிற எவருக்கும் யாரோ ஒருவர் நேரத்தை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். என் விஷயத்தில் அது ஓய்வூதியமும் என் மனைவியும்.

இலங்கையில் கேமரன் எடுத்ததில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. பதினோரு வருஷத்தில் பல நூறு படம் எடுத்தவருக்கு இது ரொம்பக் குறைச்சல். வெப்பம் ஒரு காரணமாக இருந்திருக்கும். கொலோடியனில் ஈதரும் ஆல்கஹாலும் இருப்பதால் நம் வெயிலில் தகடு சீக்கிரம் காய்ந்துவிடும். களுத்துறையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த மகனோடு கடலோர வீட்டில் இருந்தபோது, தாவரங்களை வரைந்த மேரியன் நார்த் விருந்தாளியாக வந்தார். உச்சி வெயிலில் தென்னை ஓலை முன்னால் நிற்க வைத்து கேமரன் தன்னைப் படம் எடுத்ததை அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதோடு இன்னொரு விஷயமும் எழுதுகிறார். உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு அற்புதமாக இருக்கிறது என்று கேமரனுக்குப் பிடித்துப்போனதாம். உடனே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனிடம் பிடிவாதம். அவர்களுக்குத் தோட்டமே இல்லை. அந்த ஆளுக்குத் தோட்டக்காரர் என்ற சொல்லுக்கே அர்த்தம் தெரியாது.

நார்த் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கேமரனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் அவருடைய அன்பான கிறுக்குத்தனங்களில் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரலை. ஹில்லியரும் வேலைக்காரிதான், ஆனால் வேலைக்கு இருந்தவரை மாடல் ஆக்கினார். இங்கே மாடல் ஆக்குவதற்காக வேலைக்கு வைக்கிறார். சம்பளம் கிடைத்திருக்கும், அது அந்த மனிதருக்குத் தேவையாகவும் இருந்திருக்கும். ஆனால் முடியாது என்று சொல்ல வழி இருந்ததா? மாடலோடு பழகுகிற விஷயத்தில் வயதானவர்கள், வசதியானவர்கள், அதிகாரம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். முதுகு இருக்கு. முகம்கூடத் தேவைப்படலை.

படங்களைப் பார்ப்போம். இங்கிலாந்துப் படங்களில் கேமரா முகத்துக்கு நெருங்கி வரும், தலை மட்டுமே தகட்டை நிரப்பும். இலங்கைப் படங்களில் பெரும்பாலும் அது பின்வாங்குகிறது. முக்கால் உருவம், முழு உருவம், செடி கொடி, வெளி. யாரும் மாதாவும் இல்லை, ஆர்தர் மன்னன் கதைப் பாத்திரமும் இல்லை. அவருக்கு இவர்களை வைத்துச் சொல்ல ஒரு கதை கிடைக்கவில்லை. இதைப் பல விமரிசகர்கள் வீழ்ச்சியாகவும், காலனி எஜமானியின் தூரமாகவும் பார்க்கிறார்கள். தூரம் என்பது சரி. வீழ்ச்சி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதா வேஷம் போட்ட ஹில்லியரைப் பார்க்கும்போது நான் ஒரு நாடகத்தைப் பார்க்கிறேன். இலங்கைப் படங்களில் நாடகம் இல்லை. நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எடுப்பவர் என்ன நினைக்கிறார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியவில்லை, இவர் என்ன நினைக்கிறார் என்று எடுப்பவருக்கும் தெரியவில்லை. அந்த இழுபறி படத்தில் பதிந்திருக்கிறது. அவர் எடுத்ததிலேயே பொய் குறைந்த படங்கள் இவை என்பது என் கட்சி.

ஆனால் பெயர் இல்லை. தலைப்புகள் என்ன? களுத்துறை விவசாயிகள், இலங்கைப் பெண், இந்த மாதிரி. 1878-இல் எடுத்த ஒரு குழுப் படத்தில் மட்டும் கேமரன் கையால் ஒரு குறிப்பு: சிறுமிக்கு வயது பன்னிரண்டு, கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தன் வயது நூறு என்கிறார். அந்தக் குறிப்பில் கிழவர் சொன்னதாக எழுதியிருப்பதைப் பாருங்கள். நம்பவில்லை என்பது தெரிகிறது. வயசைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், பதில் வந்திருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறார். அதே மூச்சில் பேரைக் கேட்டிருந்தால் ஒரு வரி கூட வந்திருக்கும். பெயர் இல்லாததால் இன்று இந்தப் படங்களில் இருப்பவர்களில் யார் தமிழர், யார் சிங்களவர் என்று பிரித்துச் சொல்வதே ஊகமாகிவிடுகிறது.

அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற அரசாங்க வெளியீட்டில் மனிதர்கள் சாதியின், இனத்தின் மாதிரிகளாகத்தான் அடுக்கப்பட்டார்கள். மாதிரிக்குப் பெயர் எதற்கு? கேமரன் அவர்களைவிட மேல் என்று சொல்லலாம், அளவுகோல் வைத்து யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் இங்கிலாந்தில் தானே வைத்திருந்த தரத்துக்குக் கீழே இறங்கினார் என்றும் சொல்லித்தான் ஆகணும்.

இதற்குப் பதில் சொன்னவர் என்று நான் நினைப்பது பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா. 1956-இல் பிறந்தவர், சிற்பி. நாற்பதை ஒட்டிய வயதில் புகைப்படத்துக்கு வந்தார், அதுவும் கேமராவுக்கு முன்னால். கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்' வரிசையில் ரவிவர்மா ஓவியப் பெண்ணாகவும், சதுரக் கட்டத் திரை முன் நிறுத்தி அளக்கப்பட்ட தோடர் பெண்ணாகவும் தானே நிற்கிறார். மாடலின் இடத்தில் எடுப்பவரே போய் நின்றுகொள்வது ஒரு வழி. கிண்டலும் கோபமும் கலந்த நல்ல வழி. ஆனால் அந்தத் தோடர் பெண்ணின் பெயர் அதனாலும் திரும்பி வரவில்லை.

கேமரன் 1879 ஜனவரி 26-இல் டிக்கோயாவில் இறந்தார். அடக்கம் பொகவந்தலாவை மாதா கோயிலில். அடுத்த வருஷம் கணவரும் அங்கேயே. மலையகத் தமிழர்கள் நடுவில், பெயர் பொறித்த கல்லோடு.

திருமலைப் பாறையில் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. வடக்கே கங்கை வரைக்கும், தெற்கே ஈழம் உட்பட, அவன் ஜெயித்ததெல்லாம் நீளமாக அடுக்கி வரும். அந்த மெய்க்கீர்த்திக்காகத்தான் ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். ஆனால் கல்வெட்டு வெட்டப்பட்ட காரணம் கடைசியில் இருக்கிறது: பெரும்பாணப்பாடியில் இருந்த வியாபாரி நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு விளக்குக்கும் அமுதுக்கும் காசு கொடுத்தாள். ஆயிரம் வருஷம் ஆகிறது. முகம் எப்படி இருந்திருக்கும்னு தெரியாது. ஊர், புருஷன் பேர், தன் பேர் மூன்றும் பாறையில் இருக்கு. அந்த அம்மா காசு கொடுத்தாள், அதனால் பேர் வெட்டினார்கள். களுத்துறைச் சிறுமி முகத்தைத்தான் கொடுத்தாள்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு, எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டேன். விதி முதல் மாதமே சிக்கலில் மாட்டியது.

அறுபதை நெருங்குகிற ஆள் கேமராவோடு பெண்களைப் படம் எடுக்கக் கிளம்பினால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அதனால் மனைவி கூட வருவாள், வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு. ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்காரர், சேலை கட்டிய மாடல்களை எடுத்துத் தரச் சொன்னார். வந்த பெண் தொழில் தெரிந்தவள். எந்தப் பக்கம் திரும்பணும், முந்தானையை எப்படி விடணும், எத்தனை மணிக்குக் கிளம்பணும், எவ்வளவு தரணும் எல்லாம் முதலிலேயே பேசிவிட்டாள். முடியாது என்பதை நாலு தடவை சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. படத்தில் கடையின் பெயர் பெரிதாக வந்தது. அவள் பெயர் போடலாமா என்று கேட்டேன். "வேற பேர்லதான் வேலை செய்றேன் அங்கிள், அதையே போடுங்க" என்றாள்.

அடுத்து ஒரு நெசவுக்கார அம்மா. அறுபது வயதுக்கு மேல். ஜன்னல் வெளிச்சம், தறி, முகம், நான் சொன்ன அந்த ஹெர்ஷல் வெளிச்சம் அப்படியே. படம் அமைந்துவிட்டது, நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இங்கே வலைப்பதிவில் பெயரோடு போடட்டுமா என்று கேட்டேன். "போட்டோ போட்டுக்க சார், பேரு எதுக்கு? தறியில ஓடுறது முதலாளி கொடுத்த டிசைனு. பேரைப் போட்டா யார் வீட்டுத் தறின்னு தெரிஞ்சுடும்" என்றார். டிசைனை வெட்டிவிட்டால்? வெட்டினால் போடலாம், அப்பவும் பேரு வேணாம். என் விதியை அவரிடம் விளக்கினேன். சாமுண்டப்பை கதையைக்கூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தம்மா காசு உள்ளவங்க" என்றார்.

பிரிண்ட் மட்டும் நாலு கேட்டார், ஒன்று பெரிசாக, ஃப்ரேம் போட்டு. கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரிய படத்தைத் திருப்பிப் பேத்தியிடம் கொடுத்து, அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுத வைத்தார்: தன் பெயர், அப்பா பெயர், வீட்டுக்காரர் பெயர், தெரு, படம் எடுத்த தேதி. தேதியில் ஒரு நாள் தப்பு. நான் ஒன்றும் சொல்லலை. படத்தை மறுபடி திருப்பி, தறிக்கு நேர் எதிர்ச் சுவரில், சாமி படங்களுக்குக் கொஞ்சம் கீழே மாட்டச் சொன்னார்.